இரண்டாம் நம்பர் பிரஷ்

என் மேசைமேல் பேனாக்களோடு ஒரு பெயின்ட் பிரஷ் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாட்டர் கலர் அடிக்க வாங்குகிற இரண்டாம் நம்பர் பிரஷ். முடி பாதி கொட்டிவிட்டது. பிடியில் என் விரல் பட்ட இடத்தில் மட்டும் சிவப்புச் சாயம் உரிந்து கட்டை தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் நான் படம் வரைவேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு நேராக ஒரு கோடு போடக்கூட வராது. ஒரு பருவம் முழுக்க நான் ஸ்ட்ராபெரிச் செடிகளுக்குத் தேனீயாக வேலை பார்த்தது இந்தப் பிரஷ்ஷால்தான். இதை என் கையில் கொடுத்தவர் என் நாத்தனார்.

மாதாப்பூரில் பாறைகளை உடைத்து ஐ.டி. கட்டடங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி செகந்திராபாத் மெட்டுகுடாவுக்கு வந்தேன். மாமனார் லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சந்துக்குள் சொந்த வீடு. ஒரு ஹால், இரண்டு அறைகள். ஒன்று மாமனார், மாமியாருக்கு. மாடிப்படியை ஒட்டிய சின்ன அறை நாத்தனாருக்கு. எனக்கும் என் கணவருக்கும் ஹாலின் ஒரு மூலையில் மரத்தடுப்பும் ஒரு திரைச்சீலையும் கிடைத்தன. திரைக்கு அந்தப் பக்கம் மாமனார் தெலுங்குச் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். புதுப்பெண் கேட்கக்கூடாத ஆசை எதுவும் எனக்கு இல்லை. கதவு வைத்த ஓர் அறை வேண்டும், அவ்வளவுதான். அதனால், சிவராத்திரி கழிந்ததும் மொட்டைமாடியில் எங்களுக்கு ஓர் அறை கட்டப்போவதாக மாமனார் சொன்ன அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சிக்கல் என்னவென்றால், மொட்டைமாடி நாத்தனாருடையது. ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணம் வேண்டாம் என்று தானே சொல்லி, அதற்காக ஒருநாளும் வருந்தாதவர். வீட்டில் மற்றவர்கள் ரயில்வே பாஸை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனால், இவர் புனே போய் அங்கிருந்து பஸ் பிடித்து மகாபலேஷ்வர் போனார். ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு டஜன் ஸ்ட்ராபெரி நாற்றுகளோடு திரும்பினார். மருந்துக்கடை தெர்மோகோல் பெட்டிகளின் அடியில் ஓட்டை போட்டு நட்டார். காய் மண்ணில் படாமலிருக்க, எருமைக் கொட்டகையில் கேட்டு வாங்கிய வைக்கோலைப் பரப்பினார். ஹைதராபாத் வெயில் இதைத் தாங்குமா என்று யாராவது கேட்டால், "மே மாசத்தை மே மாசத்துல பாத்துக்கலாம்" என்பார்.

அறை கட்டும் பேச்சு வந்தபோது அப்பாவும் மகளும் நேருக்கு நேர் நின்றார்கள். "மலையில வெளையறது மெட்டுகுடா மாடியில வருமாடி?" என்றார் மாமனார்.

"கைக்கு வராது?" என்றார் நாத்தனார். 'ஏன்' என்பதற்கு அவர் வாயில் ஹைதராபாத் உருதுதான் வரும். "சிவராத்திரி அன்னிக்கு ஒரு தட்டு நெறைய பழம் வெக்கிறேன். வெச்சா மாடி செடிக்கு. இல்லன்னா நீங்க மேஸ்திரியைக் கூப்பிடுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன்."

மாமனாருக்குப் பந்தயம் என்றால் பிடிக்கும். சரி என்றுவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் திரைக்குப் பின்னால் நின்று கேட்டதோடு சரி.

பொங்கல் முடிந்து செடிகள் வெள்ளை வெள்ளையாகப் பூக்கத் தொடங்கிய சமயம், நாத்தனார் அலுவலகப் பயிற்சிக்காகப் பத்து நாள் சென்னை போனார். "தண்ணி மட்டும் ஊத்து. எலை மேல நக்கோ, வேணவே வேணாம், அடியில ஊத்து" என்று என்னிடம் ஒப்படைத்தார். இரண்டாம் நாளே ஒரு கொண்டைக்குருவி வந்து பிஞ்சு ஒன்றைக் கொத்திப் போட்டது. என் பிழைப்பு சாப்ட்வேர் டெஸ்டிங். எந்த வழியாக யார் உள்ளே வந்து எதைக் கெடுப்பான் என்று யோசிப்பதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தியை அப்படியே மாடிக்குக் கொண்டுபோனேன். கல்யாணத்துக்கு வந்த கொசுவலையைப் பெட்டிகள்மேல் விரித்துக் கட்டி, ஓரமெல்லாம் செங்கல் அடுக்கி, இடைவெளி தெரிந்த இடத்தில் துணிக் கிளிப்பும் மாட்டினேன். ஓர் எறும்புகூட நுழைய முடியாது என்று எனக்குள் ஒரே பெருமை.

திரும்பி வந்தவர் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்கு ஏறி வலையைத் தூக்கிப் பார்த்தார். பூக்களெல்லாம் நடுவில் பழுப்பேறிக் காய்ந்து கிடந்தன. ஒன்றுகூடக் காய் பிடிக்கவில்லை. "தேனீ எப்படி வரும்?" என்று மட்டும் கேட்டார்.

சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்தக் காய்ந்த பூக்களைப் பார்த்தபோது, குற்ற உணர்ச்சிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன நிம்மதியும் எட்டிப் பார்த்தது. அதை இங்கே மறைத்து நல்லவள் பெயர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. சாயங்காலம் மாமனார், "வலையைப் போட்டது யாரு?" என்று என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் போடச் சொன்னேன்" என்றார் நாத்தனார்.

மறுநாள் காலை அவர் இந்தப் பிரஷ்ஷை வாங்கி வந்தார். அடுத்த மொட்டுகள் விரியத் தொடங்கியிருந்தன. சிவராத்திரிக்குள் பழுக்க வேண்டுமென்றால் ஒரு பூவும் வீணாகக்கூடாது. தேனீ வருமென்று காத்திருக்க நாளில்லை. வெயில் ஏறி மகரந்தம் உலர்ந்த பிறகு, பத்து மணிவாக்கில் தொட வேண்டும். எட்டரைக்கு அவர் ஆபீஸ் போய்விடுவார். மாமியாருக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. எனக்கு அப்போது மதிய ஷிப்ட். பூவின் நடுவில் பிரஷ்ஷை மெல்லச் சுழற்றி, அடுத்த பூவுக்குப் போவதை ஒரு தடவை செய்து காட்டினார். என் கையில் கொடுத்துவிட்டு டிபன் டப்பாவோடு கிளம்பிவிட்டார்.

மாடியில் நான் மட்டும். எங்கள் அறைக்குக் கதவு எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று நான் மனதில் குறித்து வைத்திருந்த இடத்தில்தான் அந்தப் பெட்டிகள் இருந்தன. சும்மா நின்றுவிட்டு இறங்கினால் போதும். பார்க்க ஓர் ஆள் இல்லை. எனக்கு நாத்தனார்மேல் கோபம் கோபமாக வந்தது. என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இறங்கிப் போயிருப்பேன். பொய் சொல்லிக் காப்பாற்றியல்லவா தொலைத்திருந்தார். அந்தக் கோபத்தோடே குனிந்து முதல் பூவைத் தொட்டேன்.

ஒரு வாரத்தில் பூவின் நடு பச்சையாகப் புடைத்தது. அதுவரை அடுத்தவர் கட்டியதை உடைத்துப் பார்த்தே சம்பளம் வாங்கியவள் நான். என் கை பட்டு ஒன்று உருவாகியிருக்கிறது என்றதும், விடுமுறை நாளில்கூடப் பத்து மணிக்கு மாடியில் இருந்தேன். வலையைக் காய் பிடித்த பிறகே போட்டோம்.

சிவராத்திரி அன்று மாமனார் விரதம். பழம் மட்டும் சாப்பிடலாம். நாத்தனார் எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். சின்னச் சின்னப் பழங்கள். பிரஷ் சரியாகப் படாத பக்கம் கோணிக்கொண்டவையும் இருந்தன. ஆனால் தட்டு நிறைந்திருந்தது. மாமனார் ஒன்றை மென்று, "புளிக்குது" என்றார். இன்னொன்று எடுத்தார். ஐந்தாவதை எடுக்கும்போது, "சரி, மாடி உனக்கே" என்றார். எனக்குக் கண் கலங்கியது. ஜெயித்ததற்கா, அறை போனதற்கா என்று அப்போது தெரியவில்லை. இரண்டுக்கும்தான்.

அன்று சாயங்காலமே நாத்தனார் தன் கட்டிலை ஹாலுக்கு இழுத்தார். "ரூமை நீங்க எடுத்துக்குங்க. எனக்குத் தூங்கத்தானே எடம் வேணும்? மத்த நேரத்துக்கு மாடி இருக்கு." என் கணவர் மறுத்தார், மாமியார் சத்தம் போட்டார். கட்டில் திரும்பிப் போகவில்லை.

பிறகு அவர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு புனே பக்கம் போய், அங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம். ஒவ்வொரு அறைக்கும் கதவு உண்டு. பால்கனியில் அவர் அனுப்பும் ஒரு டஜன் நாற்றுகளும் உண்டு. போன மாதம் போனில் பேசும்போது, இத்தனை வருஷம் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டேன். "மதினி, அப்ப எனக்கு அந்த மாடி ரூம் வேணும்னுதான் இருந்துச்சு."

"ஹவ், ஆமா, தெரியும். திரைக்குக் கீழ உன் கால் தெரிஞ்சுதே" என்று சிரித்தார். "அதான் பிரஷ்ஷை உன் கையில குடுத்தேன். செடி போனாலும் போகட்டும், வீட்டுக்கு வந்தவ எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

போனை வைத்தபோது மணி பத்து. பால்கனியில் நாலு பூ விரிந்திருந்தது. இந்த ஃப்ளாட்டுக்குத் தேனீ தாராளமாக வருகிறது. இருந்தாலும் பேனாக்களுக்கு நடுவிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனேன்.