மகளுக்குக் கிடைக்கவிருந்த அக்கா

“அம்மா, எனக்கு பிட் கிடைச்சிருச்சு!” என்று அமெரிக்காவிலிருந்து மகள் போனில் கத்தியபோது எனக்குப் பகீரென்றது. எனக்குத் தெரிந்த பிட், பரீட்சையில் ஒளித்துவைத்துப் பார்த்து எழுதுகிற துண்டுச்சீட்டுதான். அவள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

பல்கலைக்கழகத்தில் மாணவிகள் நடத்துகிற சங்கமாம். ஸொராரிட்டி என்பார்களாம். கிரேக்க எழுத்துகளில் பெயர், தங்குவதற்குத் தனி வீடு. அதில் சேரச் சொல்லி வருகிற அழைப்புதான் பிட். புதிதாகச் சேருகிறவளுக்கு மூத்த மாணவி ஒருத்தியை அக்காவாகக் கொடுப்பார்களாம்.

“எனக்கு ஒரு அக்கா கிடைக்கப்போறாம்மா.”

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. குவைத்தில், அப்பாசியாவில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் வளர்ந்தவள். பக்கத்து ஃபிளாட்டில் அக்கா தங்கை சண்டை போட்டால் வாசலில் நின்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். ‘அக்கா’ என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாயிருந்தது. அவள் அப்பாவுக்குப் போதவில்லை.

டியூட்டி முடிந்து வந்தவர் யூடியூபில் தேடினார். ஆண்களின் சங்கங்களில் புதுப் பையன்களைக் குடிக்கவைத்து வதைக்கிற வீடியோக்களாக வந்தன. ஒரு தாய் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் முகம் வெளிறிவிட்டது.

“அப்பா, அது பாய்ஸ் ஹவுஸ். எங்க ஹவுஸ்ல குடிக்கவே கூடாது, ரூல் இருக்கு” என்றாள் மகள்.

“படிக்க அனுப்பினோமா, கூத்தடிக்க அனுப்பினோமா? கலாஸ். இதோட விட்டுரு.”

அரபுக்காரர்கள் மாதிரி அவர் கலாஸ் என்றால் பேச்சு முடிந்தது. முறைப்படி சேர்த்துக்கொள்கிற சடங்கு நடப்பதற்குள் அவள் விலகிவிட்டாள். அழவில்லை. அதற்குப் பிறகு போனில் பாடத்தைப் பற்றி மட்டும் பேசினாள்.

குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சமையலுக்கு நடுவே தெரியாத எண்ணிலிருந்து வீடியோ கால். ஒரு வெள்ளைக்காரப் பெண். மகளுக்குக் குடல்வால் வெடித்து ஆபரேஷன் நடந்திருக்கிறது, இப்போது பயமில்லை என்று மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அடுப்பை அணைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். எங்களிடம் அமெரிக்க விசா இல்லை. நினைத்தவுடன் ஓட முடியாது.

அந்தப் பெண்ணும் அவள் தோழிகளும் முறைவைத்து மகளோடு இருந்தார்கள். ஒருத்தி வகுப்புக்குப் போனால் இன்னொருத்தி வருவாள். தயிர்சாதத்தைக் குழையப் பிசைவது எப்படி என்று என்னிடமே கேட்டுச் செய்துகொண்டு வந்தாள் அந்தப் பெண்.

என் கணவர் போனை வாங்கி, “நீ அவளோட ரூம்மேட்டாம்மா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை சார். நான் அவளுக்கு அக்காவாக இருக்க வேண்டியவள்” என்றாள். குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போனார். பின்னாலேயே போய்ச் சொன்னேன்: “கல்யாணத்துக்கு முன்னாடி பேச்சுலர் ரூம்ல உங்களுக்கு அம்மை போட்டப்போ, வேலைக்கு லீவு போட்டுப் பாத்துக்கிட்டவர இன்னிக்கும் அண்ணன்னுதானே கூப்பிடுறீங்க? அவரு உங்க கூடப் பொறந்தவரா?”

“அது வேற” என்றார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தபடி, “வேற இல்லதான்” என்றார்.

மகள் தேறியதும் அவரே கூப்பிட்டார். “அந்தச் சங்கத்துல இப்ப சேர்ந்துக்கோயேன்மா.”

“அந்த அக்காவுக்கு வேற தங்கச்சி குடுத்தாச்சுப்பா. மே மாசம் படிப்பு முடிஞ்சு போயிருவாங்க. இட்ஸ் ஓகே.”

அந்த இட்ஸ் ஓகேயை அவரால் தாங்க முடியவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை.

மகளின் பட்டமளிப்புக்கு விசா கிடைத்துப் போனோம். அந்த மூத்த பெண் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டாள். நேரில் நன்றி சொல்ல எங்களுக்கு வாய்க்கவில்லை. மகளோடு அழைப்பு வாங்கி அந்தச் சங்கத்தில் சேர்ந்த பெண்கள் கிரேக்க எழுத்துப் போட்ட பட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுப் படிக்கட்டில் தோளோடு தோளாக நின்றார்கள். எதிரே, ஏழெட்டுப் போன்களைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படமெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் எங்கள் மகள்.

“நீயும் போய் நில்லும்மா, நான் எடுக்கிறேன்” என்றார் அவர்.

“வேண்டாம்ப்பா. அது அவங்க போட்டோ” என்று சிரித்துவிட்டு, அடுத்த போனை உயர்த்தி எல்லோரையும் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னாள்.