கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

இன்று மாலை அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ் ஏறினேன். லேடீஸ் சீட்டில் இருந்த அக்காவிடம், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கக்கா" என்றேன். நகர்ந்து இடம் கொடுத்தார். வலது கை முழுக்கக் கட்டு.

"என்னாச்சுக்கா?"

"பிரஸ் மெஷின்மா. மத்தியானம் ரெண்டு வெரல் பூடுச்சு. கம்பெனில கட்டு போட்டாங்க, இப்போ ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் அந்த மெஷினில் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அவசர ஆர்டர் என்றால், வேகமாக ஓட்டுவதற்காக சூப்பர்வைசர் ஒரு பட்டனை அழுத்தி டேப் ஒட்டிவிடுவாராம்.

"அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டும்மான்னாரு. ஓட்னேன்."

அப்போது அவருக்கு போன் வந்தது. இடது கையால் தடவி ஸ்பீக்கரில் போட்டார். அதே சூப்பர்வைசர்.

"ஆஸ்பத்திரில கேட்டா, வீட்ல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லும்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"சரி சார்" என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா பண்றது? எங்க ஊட்டுக்காரரும் அதான் சொல்றாரு. வேலை வேணுமே."

எனக்கு ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் வேலை. இன்று காலைதான் ஒரு பிரஸ் ஷாப்புக்கு போன் செய்து, திங்கட்கிழமை வரவேண்டிய சரக்கை சனிக்கிழமையே கேட்டேன். முடியாது என்றவரிடம் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அக்கா எந்த ஷாப்பில் வேலை செய்கிறார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பயம்.

இன்று ஒரே நாளில் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் எத்தனை பேரிடம்?