நாலாவது கப்பித்தான்

நான் தூரிகையால் கீறும் முகங்களில் சாயல் வராது என்று யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எனக்கு வாங்கித் தந்தவன், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன்.

அவனுடைய தகப்பன் காலமானபோது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மாலை போட ஒரு படம் கீறித் தரச் சொன்னார்கள். பார்த்துக் கீறத் தந்தது ஏதோ பழைய அடையாள அட்டையில் ஒட்டியிருந்த சின்னப் படம். முத்திரை சரியாக மூக்கின் மேல் குத்தியிருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த மூக்கு உலகத்தில் ஒன்றுதான். சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பது. அதையே போட்டுவிட்டேன். அன்று வீடு நிறையச் சனம். அவன் படத்துக்கு முன்னால் வந்து நின்று, தலையைச் சரித்துப் பார்த்துக் கேட்டான்.

“இது ஆற்ற அப்பா?”

யாருடைய அப்பா என்று அவன் கேட்டதும், அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். உள்ளதைச் சொன்னால், சாயல் இல்லைத்தான். ஆனால் சொன்னது உண்மை என்பதற்காக ஒருவனை மன்னிக்க வேண்டுமா? அதன் பிறகு எந்தச் செத்தவீட்டுக்காரரும் என்னைக் கூப்பிடவில்லை. கடைப்பலகையும் லொறியின் பின்பக்கமும்தான் எனக்கு மிஞ்சின. அவனோ கனடாவுக்குப் போய்விட்டான். பழி வாங்குவதில் உள்ள பெரிய கஷ்டம், ஆள் ஊரில் இருக்க வேண்டும் என்பதுதான். நான் முப்பது வருடம் காத்திருந்தேன். அவ்வளவு பொறுமையாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

போன வருடம் அவன் வந்து மண்கும்பான் கடற்கரையில் ஹோட்டல் கட்டினான். சாப்பாட்டு மண்டபச் சுவரில், முதன்முதல் கப்பலோட்டி வந்த போர்த்துக்கேயரான பறங்கிக் கப்பித்தான்களின் பழைய ஓவியங்கள் நாலைப் பார்த்துக் கையால் கீறித் தர வேண்டும் என்று என்னையே தேடி வந்தான்.

“அச்சடிச்ச படமெண்டா வெள்ளையள் மதிக்காதுகள் மச்சான். கையால கீறு. அலுமாரி, குசினி எல்லாம் பறங்கியின்ர சொல்லுத்தானே, முகத்தையும் சுவரில கொழுவினா என்ன?”

அந்தியேட்டிக் கதை அவனுக்கு நினைவே இல்லை. என்னை எரித்தது அதுதான். சொன்னவன் மறந்துவிட்டான், கேட்டவன் முப்பது வருடமாகச் சோறும் கறியுமாக அதைத் தின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: என் கை ஒரு முகத்தைப் பிடிக்கும் என்று, நாலு பேர் முன்னால் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

மூன்று கப்பித்தான்களை ஒழுங்காகவே கீறினேன். எல்லோருக்கும் கூரான தாடி, கழுத்தைச் சுற்றி இடியப்பத் தட்டுப் போல ஒரு கொலர். நாலாவது ஆளுக்குக் கொலரையும் தாடியையும் வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் மாற்றினேன். அவனோடு தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து மனதில் எடுத்துக்கொண்டேன்: மேலே ஏறிய இடது புருவம், தொங்கிய கீழுதடு, சிரிக்கும்போது ஒரு பக்கம் இழுபடும் வாய். எந்த அழகியையும் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

படங்களைக் கொழுவிய அன்று அவன் நாலையும் பார்த்துவிட்டு, “இவன்தான் வடிவு” என்று நாலாவதைக் காட்டினான். குசினியில் சமைக்கும் அக்கா மட்டும் என் காதுக்குள் சொன்னா: “முதலாளிக்கு இந்தச் சட்டை நல்லா எடுக்குது.” எனக்கு வயிறு குளிர்ந்தது.

பிறகு வந்த ஒரு வெள்ளைக்காரி படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்து, கப்பித்தான் உங்கள் மூதாதையா என்று கேட்டாள். அவன் அப்போதுதான் படத்தை உற்றுப் பார்த்தான். தன் இடது புருவத்தைத் தடவிக்கொண்டான். அவள் கண்ணில் இருந்த மரியாதையை விட மனமில்லாமல், ஓம் என்று தலையாட்டிவிட்டான். அன்று முதல் வருகிற வெள்ளையர் எல்லோருக்கும் அதே கதைதான்.

கதை குறிகாட்டுவான் துறையில் படகு பார்த்து நிற்பவர்களிடம் போய், அங்கிருந்து புங்குடுதீவு முழுக்கப் பரவியது. புங்குடுதீவில்தான் அவனுடைய பெரியப்பா இருக்கிறார். தென்னிலங்கையில் கடை வைத்திருந்த பழைய மனிதர். ஏழு தலைமுறையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் நாலாவது படத்துக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்த பின்னேரம், ஓட்டோவில் வந்து இறங்கினார்.

“எங்கட வழியில பறங்கி எப்பயடா வந்தவன்? கொப்பர் பக்கமோ, கொம்மா பக்கமோ?”

“பெரியப்பா, அது சும்மா வெள்ளையளுக்குச் சொன்ன கதை...”

“சும்மாவோ? முகம் அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு! அப்ப ஊர்ச்சனம் சொல்லுறது உண்மைதானே?”

நான் தூரிகையை மெதுவாகத் துடைத்தேன். இரண்டு வழிதான் அவனுக்கு: பறங்கிப் பாட்டனை ஏற்க வேண்டும், அல்லது என்னை ஏற்க வேண்டும். வேலைக்காரர் எல்லோரும் வாசலில் நின்றார்கள். அவன் என்னைப் பார்த்த பார்வையில் மீன் பொரிக்கலாம்.

“இது பறங்கி இல்லை. நான். இவன் என்ர முகத்தைப் பார்த்துக் கீறிப்போட்டான்.”

“பார்த்துக் கீற ஒரு படமும் குடுக்காமலோ?” என்று பெரியப்பா கேட்டார்.

“படம் குடுக்கேல்லை. சும்மா பார்த்துத்தான்.” பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: “முகத்தை அப்பிடியே பிடிச்சுப்போட்டான்.”

அந்த வசனத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்க ஆசையாக இருந்தது. அடக்கிக்கொண்டேன். பெரியவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் படத்துக்குக் கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார். திரும்பியபோது கோபம் போய்விட்டிருந்தது.

“தம்பி, எனக்கும் ஒண்டு கீறித் தருவீரே? உயிரோட இருக்கேக்கையே கீறி வைச்சாத்தான் நல்லது. பிறகு உவங்கள் என்னத்தைக் கொழுவுவாங்களோ தெரியாது.”

“ஓம் ஐயா, இப்பவே தொடங்குவம்” என்றேன். பிறகு அவனைப் பார்த்து, “மச்சான், பெரியவர் இருக்க ஒரு கதிரை கொண்டு வா. வெளிச்சம் போகப் போகுது” என்றேன்.

வேலைக்காரர் எல்லோரும் குசினிக்குள் ஓடிச் சிரித்துக்கொண்டிருந்ததால், அவனே தூக்கிக்கொண்டு வந்தான்.