விருந்தாளி கேட்ட ‘காரங்க’

யாராவது தோசை தின்னும்போது திடீரென்று பேச்சை நிறுத்தினால் நான் இன்றும் முதலில் அவருடைய உதட்டைத்தான் பார்க்கிறேன்.

எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் தர வந்த தான்சானியாக்காரரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தேன். அதற்காக ஃபோனைப் பார்த்துக் கொஞ்சம் சுவாஹிலி படித்தேன். ‘கரீபு’ என்றால் வாங்க, ‘ஹபானா’ என்றால் இல்லை. பண்டிதன் தோரணையில் நான் வரவேற்றதை நம்பி, அவர் ஆங்கிலத்தை விட்டுவிட்டார்.

நிலக்கடலைச் சட்னியைக் காட்டி, "கரங்கா?" என்றார்.

"ஏனுங்க, காரங்களான்னு கேக்கறாரு! நம்மளாட்டவே ‘ங்க’ போடறாரு பாருங்க" என்று என் மனைவி பூரித்தாள்.

காரமே இல்லாத சட்னி. "ஹபானா" என்றேன் கம்பீரமாக. அவர் நிம்மதியாகத் தொட்டுத் தின்றார்.

சற்றைக்கெல்லாம் பேச்சு நின்றது. உதடு வீங்கியது. மூச்சு விசிலடித்தது.

"காரமே போடலீங்களே!" என்று மனைவி அழுதாள். அவர் பையைத் துழாவி, ஓர் ஊசியை எடுத்துத் தொடையில் குத்திக்கொண்டார். ஆஸ்பத்திரி வரை அவருடைய மூச்சைக் கேட்டபடியே காரோட்டினேன்.

பிழைத்துக்கொண்டார். கரங்கா என்றால் நிலக்கடலையாம். அது அவருக்கு ஒவ்வாத விஷமாம்; அந்த ஊசி அதற்கான மருந்தாம்.

இப்போது யார் வந்தாலும் பரிமாறும் முன்பே, "உங்களுக்கு எதுங்க ஆகாது?" என்று கேட்டுவிடுகிறேன். எனக்கு நிஜமாகவே தெரிந்த பாஷையில்.