தொட்டுப் பார்க்காத அடுப்பு

கடப்பாக்கம் பக்கம் நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தபோது, புறம்போக்கில் குடியிருந்தவர்களுக்கு மனைப் பட்டா கொடுப்பதற்காக வீடு வீடாக விசாரித்தேன். கன்னியம்மாளின் குடிசைக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. கொளுத்தும் வெயில். மொபெட்டிலிருந்து இறங்காமலே "குடியிருப்பில் இல்லை" என்று எழுதினேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன?

பட்டியலில் பெயர் இல்லையென்று தெரிந்ததும் அவள் வந்தாள்.

"உப்பளத்துக்கு வேலைக்குப் போயிருந்தேன் சார். அடுப்பு வாசல்லதானே கீது? தொட்டுப் பாத்திருந்தா சுட்டிருக்குமே!"

திருத்தி எழுதி அனுப்பினேன். அந்தக் கோப்பு தாலுகா அலுவலகத்தில் கிடந்தபோதே, ஆக்கிரமிப்பு என்று குடிசையை அகற்றிவிட்டார்கள். அவள் போன இடம் யாருக்கும் தெரியவில்லை.

பட்டா வந்த மதியம் அதை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அடுப்புக் கற்கள் மூன்று மட்டும் கிடந்தன. குனிந்து தொட்டேன். சுட்டது. வெயிலின் சூடுதான், தெரியும். ஆனாலும் வெகுநேரம் கையை எடுக்க முடியவில்லை.