பல்லின் உள்பக்கம்

பல் டாக்டரிடம் வருகிறவர்கள் வாயைத் திறப்பார்களே தவிர, பேச மாட்டார்கள். நாங்கள்தான் பேச விட மாட்டோமே. அந்த நாற்காலியில் மல்லாந்து, விளக்கைப் பார்த்தபடி எல்லாக் கேள்விக்கும் "ஆ... ஆ..." என்று பதில் சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். திண்டுக்கல்லில் என் கிளினிக் மாடியில் இருக்கிறது. மத்தியான வெயிலில் ஜன்னல் வழியே பார்த்தால் சிறுமலை தரையில் நிற்காமல் புகைமேல் மிதக்கிற மாதிரி தெரியும். அதைப் பார்த்தே பாதிப் பேருக்குக் கண் சொக்கிவிடும். அப்படிச் சொக்கிக் கிடந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவள் சம்மதத்தோடு, பெயரை மாற்றி.

எலுமிச்சம்பழம்

மாலதி சின்னாளபட்டிக்காரி. நெசவுக் குடும்பம். சுங்குடிச் சேலையைத் தானே கட்டிக்கொண்டு, போனில் லைவ் போட்டு விற்கிறாள். தண்ணீர் குடித்தாலும் பல் கூசுகிறது என்று வந்தாள். முன்பற்களை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு மேல்வரிசையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். எனாமல் கரைந்து, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி வழவழவென்று இருந்தது. காதுக்குக் கீழே இரண்டு கன்னமும் லேசாக உப்பியிருந்தன.

புளிப்பு சாப்பிட்டாலும் பல் கரையும். ஆனால் உள்பக்கம் மட்டும் இப்படிக் கரைந்து, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியும் வீங்கியிருந்தால், அமிலம் வயிற்றிலிருந்து வருகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். நெஞ்செரிச்சல், வாந்தி ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவள் சிறுமலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "எலுமிச்சம்பழம் நெறையா சாப்பிடுவேன், டாக்டர்."

புலி

அடுத்த முறை வந்தபோது கரண்ட் போயிருந்தது. காற்றாடி மெதுவாகச் சுற்றி நின்றது. நாற்காலியை நிமிர்த்தி, என் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாந்தி தானாக வருகிறதா, அவளே வரவைக்கிறாளா என்று நேராகக் கேட்டேன். எதுவாக இருந்தாலும் திட்ட மாட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் கனவைச் சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னாள். லைவில் சேலையைப் பற்றி எழுதுகிறவர்களைவிட அவள் இடுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள்தான் அதிகமாம். அதனால் பகலெல்லாம் பட்டினி. சாயங்காலம் வீட்டில் எல்லோரும் தறியில் இருக்கும்போது அடுப்படியில் போய் நிற்பாள். சட்டியில் இருப்பது ருசிகூடத் தெரியாமல் உள்ளே போகும். சாப்பிடுகிறது அவள் இல்லை, வேறு யாரோ என்று தோன்றும். நினைவு வந்ததும் பயம், அப்புறம் வாந்தி. லைவ் ஆரம்பித்த காலேஜ் நாளிலிருந்தே இப்படித்தான். ஆள் மெலியவில்லை என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை.

இது கெட்ட பழக்கம் இல்லை, புலிமியா என்கிற வியாதி, வைத்தியம் இருக்கிறது என்றேன். அவள் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "பேருலயே புலி இருக்கு. நான் என்னையக் களவாணின்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அம்மா

வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும் என்றேன். அம்மாவை அழைத்து வந்தாள். ஆனால் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினாள். அந்த அம்மாளுக்கு முதலில் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு வாந்தி என்ற பயம். அது தீர்ந்ததும், அல்சராக இருக்குமோ என்றார். நான் சொல்லச் சொல்ல, மகளின் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. அழவும் இல்லை. கடைசியில் சொன்னார்: "நல்லா சாப்பிடுற புள்ளைன்னு அம்புட்டுப் பேருகிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, டாக்டரம்மா."

நஸ்ரின் வைத்தியம்

பல்லுக்குமேல் என் கை நீளாது. என் தோழி நஸ்ரின் மனநல மருத்துவர், அவளிடம் அனுப்பினேன். முதல் வேலையாக ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுக்கச் சொன்னாள். வாந்தியால் உடம்பில் பொட்டாசியம் குறைந்திருந்தது. லைவ் நடுவே நெஞ்சு படபடத்ததைப் பதற்றம் என்று மாலதி விட்டிருக்கிறாள். அப்படியே விட்டிருந்தால் இதயத்துக்கே ஆபத்தாகியிருக்கும். அதைச் சரிசெய்த பிறகு மாத்திரையும் வாரா வாரம் பேச்சும் ஆரம்பமாயின. என் பங்குக்கு, வாந்தி எடுத்தால் உடனே பல் தேய்க்காதே, தண்ணீரால் மட்டும் கொப்பளி என்று சொல்லியிருந்தேன். பட்டினிதான் பெருந்தீனிக்கு வழி விடுகிறது என்பது நஸ்ரினின் கணக்கு. எந்த வேளையையும் விடக்கூடாது, வீட்டில் எடையைப் பற்றிப் பேசவே கூடாது என்று கண்டிப்பு. மாலதி என்னிடம் வந்து கோள் சொன்னாள்: "சாப்பாட்டக் கொறைன்னு சொல்வாங்கன்னு பார்த்தா, காலையில இட்லிய ஏன் விட்டேன்னு கேக்குறாங்க."

ஆடித் தள்ளுபடி

ஆடி வந்தது. தினமும் லைவ், தினமும் கமெண்ட். மாலதி எங்கள் இருவர் பக்கமும் தலைகாட்டவில்லை. சாயங்கால மேகம் சிறுமலையை மூடுகிற நேரத்தில் ஜன்னலில் நின்று அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மாவோடு படியேறி வந்தாள். பழையபடி ஆகிவிட்டது, இனி உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நஸ்ரினுக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கொடுத்தேன். அவள் அதிரவில்லை; போனிலேயே மறுநாளைக்கு வரச் சொன்னாள். நான் போனை வாங்கி, எல்லாம் வீணா என்று கேட்டதற்கு நஸ்ரின் சொன்னாள்: "முன்னாடி ஒளிச்சு வச்சா. இப்ப அவளே வந்து சொல்றா. இது பழைய எடம் இல்லடி."

கொய்யா

மாதங்கள் போயின. வாந்தி அபூர்வமாகி, பிறகு நின்றது. அதற்காகத்தான் நானும் காத்திருந்தேன். வாந்தி நிற்குமுன் கரைந்த இடத்தைப் பல் நிறக் கலவையால் பூசினால், அந்தப் பூச்சும் நிலைக்காது. முன்பற்களின் பின்பக்கத்தைப் பூசி முடித்த அடுத்த வாரம், ஆயக்குடிக் கொய்யா ஒன்றைக் கொண்டுவந்து, என் முன்னால் உட்கார்ந்து முன்பல்லாலேயே கடித்தாள். கூசவில்லை. நிதானமாக மென்று, ருசி பார்த்துச் சாப்பிட்டாள். நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கமெண்டுகளை இப்போது அம்மாதான் படிக்கிறாராம். ஆர்டரை மட்டும் வாசித்துச் சொல்வாராம். போன வாரம் அம்மா எழுந்து போன நேரத்தில், அக்கா குண்டாகிவிட்டீர்கள் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. ஆனாலும் முந்தானையை விரித்துக் காட்டி, கேமராவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்: "சேலை அஞ்சரை மீட்டருங்க. எனக்கும் பத்தும், உங்களுக்கும் பத்தும்."

இப்போதெல்லாம் பல் கூச்சம் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சாப்பாட்டைப் பற்றியே விசாரிப்பதால், வந்ததைவிட அதிகப் பசியோடு நோயாளிகள் வீடு திரும்புகிற ஒரே பல் கிளினிக் இந்த ஊரில் என்னுடையதாகத்தான் இருக்கும்.