குடையோடு வந்த பதில்

கட்டில் காலுக்கு அடியில் வைத்த செங்கல்லைத் தண்ணீர் தொட்டபோது நான் பெருமாளை மிரட்டினேன். வேண்டினேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் சாட்சி சொல்ல வந்துவிட்டு முதல் வரியிலேயே பொய் சொல்லக் கூடாது.

போன கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை காலை. மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவின் கடைசி வீடு எங்களுடையது. விடாத மழை. கரண்ட் இல்லை. ஹாலில் தண்ணீர், தண்ணீரில் கட்டில், கட்டிலில் என் மாமனார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். திரும்பிப் படுக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், "மெயின் ரோடு வரைக்கும் எப்படியாவது கொண்டாந்துடுங்க சார்" என்றார்கள். தெருவில் தொடையளவு தண்ணீர். அவரை எப்படித் தூக்குவது?

"மாப்ள, கட்டில கட்டுமரமா மாத்தறதுன்னா முன்னாடியே சொல்லுங்க. கோவளத்துல ஆள் பாக்கணும்ல" என்றார் மாமனார். சிரித்தேன். ஆனால் அவர் கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். என் மனைவி கோமதியும் பார்த்தாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இங்கே என் புத்திசாலித்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு முந்தின மழையில் வாசற்படி வரை தண்ணீர் வந்தது. ஏரிப் பக்கமிருந்துதான் வருகிறது என்று நானே முடிவு செய்து, பின்பக்கச் சுவரை ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பினேன். உச்சியில் கண்ணாடித் துண்டுகள் வேறு. தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊராருக்குப் பார்வை சரிசெய்கிறவன், தன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாதபடி கண்ணாடி பதித்தேன். இந்த ஊரில் வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சனிக்கிழமைதோறும் எங்கள் பஜனையில் நான்தான் கதை சொல்வேன். என் திறமையால் கிடைத்த பதவி அல்ல. இவனைப் பாட மட்டும் விடக் கூடாது என்று எல்லோரும் கூடி எடுத்த முடிவு. வெள்ளத்துக்கு முந்தின வாரம் வாமன அவதாரம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இரணியன் கொள்ளுத்தாத்தா. மகாபலி கொள்ளுப்பேரன். வந்தது ஒரே பெருமாள். ஆனால் கொள்ளுத்தாத்தாவுக்கு நகம், கொள்ளுப்பேரனுக்குக் குடை! ஏன்? மூன்று உலகமும் அவருடையதுதானே. எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே. எதற்காகக் குள்ளமாகி, குடையும் கமண்டலமுமாக வந்து, மூன்றடி கொடு என்று கை நீட்டி, மூன்றாவது அடிக்கு மகாபலி தன் தலையைக் காட்டும் வரை காத்திருக்க வேண்டும்? சபையில் கேட்டேன். அந்த நேரம் சுண்டல் வந்தது. கேள்வி போய்விட்டது.

ஆனால் என்னை விட்டுப் போகவில்லை. கடையில் கண்ணாடி துடைக்கும்போதெல்லாம் அதே நினைப்பு.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன். பூஜை அலமாரிக்கு முன்னால் தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னேன்: "உன் கதையச் சொல்லிச் சொல்லியே தொண்டை போச்சு. யானை கூப்பிட்டப்ப கருடன் மேல பறந்து வந்தியே. இந்த மனுஷனுக்கு வர மாட்டியா? கருடன் இல்லேன்னா ஹெலிகாப்டராவது அனுப்பு. இல்ல, இனிமே உன் கதையே சொல்ல மாட்டேன்." இந்த மிரட்டலால் யாருக்கு லாபம் என்று எங்கள் பஜனைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். சொல்லி முடித்ததும் அழுதேன். அதுவும் உண்மை.

அப்போது கேட்டைத் தட்டும் சத்தம்.

நான்கு வீடு தள்ளி இருக்கும் சபீனா அக்கா. தையல் கடை வைத்திருப்பவர். அவர் என் தோளுக்கும் கீழேதான் இருப்பார். எனக்குத் தொடையளவு தண்ணீர் அவருக்கு இடுப்புக்கு மேல்.

"அண்ணா, வூட்ல பச்சக் கொழந்த கீது. என் பொண்ணு அத்தத் தூக்கினு மேஜை மேல ஒக்காந்துகினு இருக்கா. ஒங்க பின்னாடிச் செவுத்துல ஒரு மூணு அடி இடிச்சு உடுங்கண்ணா. தெருத் தண்ணி அப்டியே பின்னாடி வாய்க்கால்ல எறங்கி ஏரிக்குப் போயிடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா பேசறீங்க! ஏரி உள்ள வந்துட்டா? உள்ள மாமனார் எழுந்திருக்க முடியாமக் கிடக்கறாரு."

"போவுமா வருமான்னு எனக்கு மட்டும் இன்னாண்ணா தெரியும்? வேற வழி தெரியல. அதான் கேக்கறேன்."

மொட்டை மாடியிலிருந்து ஏற்கெனவே பார்த்திருந்தேன். சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர். எது மேடு, எது பள்ளம் என்று தெரியவில்லை. மேடவாக்கத்தில் நான்காவது மாடியில் இருக்கும் என் மச்சானுக்குப் போன் போட்டேன். கோமதியின் தம்பி. கட்டட வேலை தெரிந்தவன்.

"மாமா, செவுத்துல கை வெக்காத. யார் கேட்டாலும் குடுக்காத. குடுத்தேன்னா நீ காலி. குடுக்காத மாமா, குடுக்காத!"

போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தேன். இந்த வசனத்தை முந்தின சனிக்கிழமை, மகாபலியைத் தடுக்கும் சுக்கிராச்சாரியார் குரலில் நானே பேசியிருந்தேன். கைதட்டல்கூட வாங்கினேன்.

மெல்ல வாசலைத் திரும்பிப் பார்த்தேன். சபீனா அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் குடை. வீட்டுத் தண்ணீரை மொண்டு கொட்டிக்கொண்டிருந்தவர், அவசரத்தில் அப்படியே வந்துவிட்டார் போலிருக்கிறது. இன்னொரு கையில் சொம்பு.

போனை வைத்துவிட்டேன்.

உள்ளே போய் மாமனாரிடமும் கோமதியிடமும் நடந்ததைச் சொன்னேன். சுவரை உடைத்தால் ஆபத்தாகவும் முடியலாம் என்பதையும் மறைக்கவில்லை. கோமதி தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பச்சக் கொழந்தைன்னா சொன்னா?" என்றார் மாமனார். "அப்புறம் என்ன மாப்ள, நின்னுகிட்டு?"

சபீனா அக்காவின் வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நான் ஆசை ஆசையாகக் கட்டிய சுவர் மூன்றடி அகலத்துக்கு விழுந்தது. எல்லோரும் தண்ணீரைப் பார்த்தோம். அது போகவும் இல்லை, வரவும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏங்க, உங்க செருப்பு!" என்று உள்ளிருந்து கோமதி கத்தினாள்.

ஹாலில் மிதந்துகொண்டிருந்த என் ஒற்றைச் செருப்பு மெதுவாகத் திரும்பியது. பின்கட்டு வாசலைத் தாண்டியது. தோட்டத்தில் வேகம் பிடித்தது. சுவரின் ஓட்டை வழியாக ஏரியைப் பார்த்துப் போயே போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் மோட்சத்துக்குப் போனது அதுதான். ஏரியைத் தடுக்கிறேன் என்று நான் கட்டிய சுவர், தெரு முழுவதன் தண்ணீரையும் என் ஹாலிலேயே தேக்கி வைத்திருந்தது! மதியத்துக்குள் செங்கல் காய ஆரம்பித்தது. மாமனார் காபி கேட்டார்.

பிறகு சபீனா அக்காவிடம் வாமனர் கதையைச் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "ஐயோ, எங்க மார்க்கத்துல அப்டிலாம் சொல்லக் கூடாதுண்ணா. அல்லா காப்பாத்தினான். நீங்க ஒங்க சாமிக்கு நன்றி சொல்லிக்குங்க. என்ன உட்ருங்க." அவர் சொன்னதுதான் சரி. அவரை அவதாரம் என்று நான் சொல்லவில்லை. என் கேள்விக்குப் பதில் கிடைத்தது என்று மட்டும் சொல்கிறேன்.

பறித்துக்கொண்டிருந்தால் பெருமாளுக்கு நிலம் கிடைத்திருக்கும். மகாபலி கிடைத்திருக்க மாட்டான். கெட்டவனை அடக்க நகம் போதும். நல்லவன்தான், ஆனால் எல்லாம் என்னுடையது என்று இருக்கிறானே, அவனிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். முடியாது என்று சொல்லவும் அவனுக்கு இடம் கொடுக்க வேண்டும். தர்மத்தை நிலைநாட்ட இறங்கி வருகிறார் என்றால் மேலேயிருந்து உத்தரவு போடுவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நம் வாசல் வரை வந்து, நம்மைவிடச் சின்னவராக நின்று கேட்பதும் அதுதானோ?

அந்த மூன்றடியை நான் திரும்ப அடைக்கவில்லை. தண்ணீர் போகிற மாதிரி கம்பி அழி மட்டும் போட்டிருக்கிறேன். மாமனார் இப்போது கைத்தடியோடு அதுவரை நடந்துபோய் ஏரிக்காற்று வாங்குகிறார். நானும் முன்போலத்தான் பெருமாளை நச்சரிக்கிறேன். ஆனால் கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்கிறேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று கோமதியைக் கேளுங்கள்.

உங்களுக்கும் ஏதாவது ஆபத்து வந்தால் தயங்காமல் அவரைக் கூப்பிடுங்கள். மிரட்டினாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். அதற்கு நான் பொறுப்பு. கூப்பிட்ட பிறகு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வாசலில் யாராவது ஏதாவது கேட்டு நிற்கிறார்களா என்றும் ஒரு தரம் பாருங்கள்.

போன வாரம்கூட சபீனா அக்கா கேட்டைத் தட்டி, "அண்ணா, ஒரு சின்ன ஒதவி" என்றார். கதவைத் திறந்தேன். என் கை மட்டும் தானாகப் போய்த் தலையை மூடிக்கொண்டது.